கூட்ட அறையில் எச்டிஎம்ஐ: படம் வராதபோது எங்கிருந்து தொடங்குவது

காணொளிக் கூட்ட அறைகளைப் பராமரிக்கும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் மிக விரைவில் கேட்கும் புகார், ‘எச்டிஎம்ஐ வேலை செய்யவில்லை’ என்பதாகும். சொல்பவருக்கு அது ஒரே பழுது. பார்க்கப் போகிறவருக்கு அது மூன்று பாதைகளில் ஏதேனும் ஒன்றாக இருக்கலாம். கோடெக் எனப்படும் கூட்டக் கருவியிலிருந்து சுவரில் உள்ள டிவிக்குப் போகும் பாதை ஒன்று. மேசைமீது வைக்கப்படும் லேப்டாப்பிலிருந்து கோடெக்குக்கு வரும் பாதை இன்னொன்று. கேமராவிலிருந்து கோடெக்குக்கு வருவது மூன்றாவது. மூன்றிலும் பிளக் ஒரே வடிவம், சாக்கெட்டும் ஒரே வடிவம். ஆகவே எந்தக் கேபிளையும் தொடுவதற்கு முன், எந்தப் பாதையில் படம் நின்றுபோயிருக்கிறது என்பதை நாற்காலியில் உட்கார்ந்தபடியே தீர்மானித்துவிட வேண்டும். பழுது பார்ப்பதில் வீணாகும் நேரத்தில் பெரும்பகுதி இதைச் செய்யாமல் நேரே கேபிளைப் பிடுங்குவதால்தான் வீணாகிறது.

முதல் வேலை: திரையில் என்ன தெரிகிறது என்று பார்ப்பது

கோடெக்கின் சொந்த முகப்புத் திரை, அதாவது நேரமும் கூட்டப் பட்டியலும் காட்டும் அந்தப் பக்கம், டிவியில் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால் கோடெக்குக்கும் டிவிக்கும் இடையே உள்ளது எல்லாம் சரி. லேப்டாப் பக்கம் மட்டும் ஆராய்ந்தால் போதும். அந்த முகப்பே வரவில்லை என்றால் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு டிவி பக்கம் போக வேண்டும். முகப்பும் வருகிறது, லேப்டாப்பின் படமும் அறையில் தெரிகிறது, ஆனால் எதிர்முனையில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரியவில்லை என்றால், அது பெரும்பாலும் எச்டிஎம்ஐ பழுதே அன்று. பல கருவிகளில் கேபிளைச் செருகியதும் படம் அறைக்குள் மட்டும் காட்டப்படும். எதிர்முனைக்கு அனுப்ப மேசையிலுள்ள தொடுதிரையில் பகிர்வதற்கான பொத்தானைத் தனியே அழுத்த வேண்டியிருக்கும்.

அடுத்ததாக, டிவி ‘நோ சிக்னல்’ என்று சொல்கிறதா, அல்லது எதுவும் சொல்லாமல் கறுப்பாக நிற்கிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகத் தோன்றினாலும் பொருள் வேறு. ‘நோ சிக்னல்’ என்றால் அந்தச் சாக்கெட்டில் படத்துக்கான சிக்னல் எதுவும் வந்து சேரவில்லை: ரிமோட்டில் வேறு இன்புட் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கலாம், கேபிள் கழன்றிருக்கலாம், அனுப்பும் கருவி உறங்கிக்கொண்டிருக்கலாம். எழுத்தே இல்லாத கறுப்புத் திரை என்றால் சிக்னல் வருகிறது, ஆனால் அதைப் படமாகக் காட்ட ஏதோ தடுக்கிறது என்று சந்தேகிக்கலாம். டிவி ஏற்காத அளவில் படம் வருவது, அல்லது பின்னால் விளக்கப்படும் எச்டிசிபி ஒப்புதல் கிடைக்காதது, இவ்விரண்டும் வழக்கமான காரணங்கள். படம் வருகிறது, ஆனால் வெள்ளைப் புள்ளிகள் மின்னுகின்றன அல்லது சில நொடிகளுக்கு ஒருமுறை கறுத்து மீள்கிறது என்றால், கேபிளையோ அதன் நீளத்தையோ தயங்காமல் சந்தேகிக்கலாம்.

செருகியதும் உள்ளே நடப்பது

இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மற்றவை எல்லாம் இதிலிருந்துதான் புரியும். 2002 டிசம்பரில் முதல் வடிவம் வெளியான எச்டிஎம்ஐ, பழைய விஜிஏ போல ஒரு முனையில் அனுப்பியதை மறுமுனையில் அப்படியே காட்டும் இணைப்பு அன்று. படம் போவதற்கு முன் இரண்டு கருவிகளும் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்கின்றன. அதன் 19 முனைகளில் 18ஆம் முனை வழியே லேப்டாப் 5 வோல்ட் அனுப்புகிறது. அது வந்ததும் டிவி 19ஆம் முனையில் மின்னழுத்தத்தை உயர்த்தி, தான் இருப்பதைத் தெரிவிக்கிறது. இதற்கு ஹாட் பிளக் என்று பெயர். உடனே லேப்டாப், 15, 16ஆம் முனைகள் வழியே டிவியின் ஈடிஐடி என்னும் தகவலைப் படிக்கிறது. அதன் அடிப்படைப் பகுதி 128 பைட்தான். டிவிகளில் பெரும்பாலும் இன்னொரு 128 பைட் நீட்சியும் இருக்கும். தனக்கு எந்தெந்த ரெசல்யூஷன் ஏற்கும், நொடிக்கு எத்தனை பிரேம் ஏற்கும், எந்த ஒலி வடிவம் ஏற்கும் என்று டிவி அதில் எழுதி வைத்திருக்கிறது. அதைப் பார்த்து ஒரு வடிவத்தை முடிவு செய்துகொண்ட பிறகே லேப்டாப் படத்தை அனுப்பத் தொடங்கும். படத்தைக் குறியாக்கி அனுப்ப வேண்டியிருந்தால் எச்டிசிபி ஒப்புதலும் நடக்கும்.

இந்த வரிசை நடுவில் எங்காவது அறுந்தால் கேபிள் நன்றாக இருந்தாலும் படம் வராது. கேபிளைக் கழற்றி மீண்டும் செருகினால் சில சமயம் சரியாகிவிடுவதன் காரணமும் இதுவே: கழற்றும்போது ஹாட் பிளக் விழுந்து, செருகும்போது விசாரணை முதலிலிருந்து நடக்கிறது. ஆனால் கழற்றிய வேகத்தில் செருகினால் பலன் இல்லாமல் போகலாம். பத்து நொடி பொறுத்துச் செருகுங்கள். பல கருவிகளில் ஒன்றின் படத்தைத் தேர்ந்தெடுக்கும் எச்டிஎம்ஐ சுவிட்ச், ஒரே படத்தைப் பல திரைகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் போன்றவை நடுவில் இருந்தால், அவை டிவியின் ஈடிஐடியைத் தம்மிடம் நகலெடுத்து வைத்துக்கொண்டு பழைய நகலையே லேப்டாப்புக்குக் காட்டக்கூடும். அங்கே டிவி பக்கக் கேபிளைக் கழற்றுவது போதாது. நடுவில் உள்ள கருவியின் மின்சாரத்தையே துண்டித்துத் தர வேண்டும்.

மின்சாரம் போய் வந்த பிறகு வரும் புகார்கள் பெரும்பாலும் இவ்வகையே. கோடெக் யுபிஎஸ் இணைப்பில் ஓடிக்கொண்டே இருக்க, டிவி மட்டும் அணைந்து மீண்டும் உயிர்பெற்றிருக்கும். அல்லது இரண்டும் ஒரே நேரத்தில் எழ, டிவி தயாராகும் முன்பே கோடெக் விசாரித்து முடித்திருக்கும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, முதலில் டிவி, அது முழுமையாக எழுந்த பின் நடுவிலுள்ள சுவிட்ச் அல்லது படத்தை நெடுந்தூரம் கொண்டுசெல்லும் எக்ஸ்டெண்டர், பிறகு கோடெக், கடைசியில் லேப்டாப் என்ற வரிசையில் போடுங்கள். படம் காட்டும் முனையிலிருந்து படம் தரும் முனையை நோக்கி வருவதே இந்த வரிசை.

பாதையைப் பாதியாக வெட்டிச் சோதிப்பது

மின்வரிசையை மாற்றியும் படம் வரவில்லை என்றால், பாதையைச் சுருக்க வேண்டும். லேப்டாப், அடாப்டர், மேசைக் குழிவிலுள்ள சாக்கெட், தரைக்கடியில் ஓடும் கேபிள், எக்ஸ்டெண்டர், சுவிட்ச், கோடெக் என்று ஏழு பொருட்கள் வரிசையாக இருக்கும்போது, ஒவ்வொன்றாக ஒரு முனையிலிருந்து சோதித்துக்கொண்டு வருவது வீண். நடுவில் வெட்ட வேண்டும். நன்றாக இருப்பதாக ஏற்கெனவே உறுதி செய்யப்பட்ட இரண்டு மீட்டர் கேபிள் ஒன்றை எப்போதும் பையில் வைத்திருங்கள். லேப்டாப்பை அந்தக் கேபிளால் கோடெக்கின் இன்புட்டில் நேரே செருகிப் பாருங்கள். படம் வந்தால் லேப்டாப்பும் கோடெக்கும் குற்றமற்றவை, பழுது நடுவில்தான். பிறகு நடுவிலுள்ளவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்தால், எதைச் சேர்த்ததும் படம் போகிறதோ அங்கே நிறுத்தலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிளையும் மாற்றி, ரெசல்யூஷனையும் குறைத்து, டிவி அமைப்பையும் தொட்ட பிறகு படம் வந்தால், எது பழுது என்பது தெரியாமலே போய்விடும்; அடுத்த முறை மீண்டும் முதலிலிருந்துதான்.

இந்தச் சோதனையின்போது சாக்கெட்டுகளின் பெயரை ஊன்றிப் படியுங்கள். கோடெக்கின் பின்புறத்தில் உள்ளே வாங்கும் சாக்கெட்டும் வெளியே தரும் சாக்கெட்டும் அடுத்தடுத்து இருக்கும், எழுத்துகள் மிகச் சிறியனவாக இருக்கும், கருவியோ டிவிக்குப் பின்னால் இருட்டில் இருக்கும். கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது, கழுத்தை வளைத்துப் படிப்பதைவிட நல்லது. எச்டிஎம்ஐ பிளக்கில் திருகாணியோ கொக்கியோ இல்லாததால், கனமான கேபிள் தன் எடையாலேயே அரை மில்லிமீட்டர் வெளியே வந்து நிற்பதும் உண்டு. பார்வைக்குச் செருகியது போலவே இருக்கும்.

அடாப்டர்கள்

இப்போதைய லேப்டாப்புகள் பலவற்றில் எச்டிஎம்ஐ சாக்கெட்டே கிடையாது. யுஎஸ்பி-சி மட்டும் இருக்கிறது. ஆனால் யுஎஸ்பி-சி வடிவில் உள்ள எல்லாச் சாக்கெட்டும் படம் தராது. எச்டிஎம்ஐ போன்ற இன்னொரு பட இணைப்பான டிஸ்பிளேபோர்ட்டின் சிக்னலை யுஎஸ்பி-சி வழியே அனுப்பும் டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோட் என்ற வசதி உள்ள சாக்கெட் மட்டுமே தரும். ஒரே லேப்டாப்பில் ஒரு பக்கச் சாக்கெட் படம் தந்து, மறுபக்கத்தது சார்ஜ் மட்டும் ஏற்பதும் உண்டு. ஆகவே மறுபக்கத்திலும் செருகிப் பார்த்துவிட்டுத்தான் அடாப்டரைக் குறை சொல்ல வேண்டும். டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் சாதாரண அடாப்டர் ஒரு திசையில் மட்டுமே வேலை செய்யும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். எச்டிஎம்ஐ தரும் கருவியை டிஸ்பிளேபோர்ட் மானிட்டரில் இணைக்க, அதற்கென்றே உள்ள, மின்சாரம் தேவைப்படும் கன்வெர்ட்டர் வேண்டும்.

விண்டோஸ் லேப்டாப்பாக இருந்தால், விண்டோஸ் விசையையும் பி விசையையும் சேர்த்து அழுத்தி, ‘டூப்ளிகேட்’ தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். ‘பிசி ஸ்கிரீன் ஒன்லி’ என்று யாரோ விட்டுவைத்திருந்தால் உலகின் விலையுயர்ந்த கேபிளும் உதவாது.

ரெசல்யூஷனும் கேபிளின் தாங்கும் அளவும்

நொடிக்கு 60 பிரேம் கொண்ட 4கே படம் கேபிளில் ஏறத்தாழ 18 ஜிகாபிட் வேகம் கேட்கிறது. 4கே 30 பிரேம் அதில் பாதி கேட்கிறது. 1080பி 60 பிரேம் கால்பங்குதான் கேட்கிறது. 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 வடிவத்தின் எல்லை 10.2 ஜிகாபிட், 2013இல் வந்த 2.0 வடிவத்தின் எல்லை 18 ஜிகாபிட். ஆகையால் லேப்டாப்பும் டிவியும் புதியவையாகி, தரைக்கடியில் உள்ள கேபிள் மட்டும் பழையதாக இருக்கும் அறையில் ஒரு விபரீதம் நடக்கிறது: இரு முனைகளும் ஈடிஐடி மூலம் 4கே 60 என்று மகிழ்ச்சியோடு உடன்படுகின்றன, நடுவிலுள்ள கேபிளை யாரும் கேட்பதில்லை. விளைவு, மின்னும் புள்ளிகளும் விட்டுவிட்டு வரும் படமும்.

இதைச் சோதிப்பது எளிது. லேப்டாப்பில் ரெசல்யூஷனை 1920 × 1080, 60 ஹெர்ட்ஸ் என்று குறைத்துப் பாருங்கள். பழுது மறைந்தால் குற்றவாளி கேபிளோ எக்ஸ்டெண்டரோதான். டிவி பக்கத்திலும் இதே சோதனையைச் செய்யலாம்: சாம்சங் டிவிகளில் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’, எல்ஜி டிவிகளில் ‘எச்டிஎம்ஐ அல்ட்ரா எச்டி டீப் கலர்’, சோனி டிவிகளில் ‘என்ஹான்ஸ்டு ஃபார்மட்’ என்ற பெயர்களில் உள்ள அமைப்பை அணைத்தால், டிவி தன் ஈடிஐடியில் குறைந்த வேகத்தையே கேட்கும். கூட்ட அறையில் காட்டப்படுவது பெரும்பாலும் ஸ்லைடுகளும் அட்டவணைகளும்தான். எதிர்முனைக்குப் போகும் படத்தைக் கோடெக் எப்படியும் சுருக்கித்தான் அனுப்புகிறது. எனவே லேப்டாப் பாதையை 1080பி 60இல் நிலையாகப் பூட்டிவிடுவதே என் பரிந்துரை. 4கே வேண்டும் என்று வற்புறுத்துபவர்களுக்கு முதலில் புதுக் கேபிளுக்கான செலவைச் சொல்லுங்கள்.

புதிதாக வாங்கும்போது 18 ஜிகாபிட்டுக்கு ‘பிரீமியம் ஹை ஸ்பீடு’ என்றும், 48 ஜிகாபிட்டுக்கு ‘அல்ட்ரா ஹை ஸ்பீடு’ என்றும் ஸ்கேன் செய்யக்கூடிய சான்றுச் சீட்டு ஒட்டியவற்றை வாங்குங்கள், அட்டையில் ‘2.0 கேபிள்’ என்று அச்சிட்டிருப்பது சான்று ஆகாது. சாதாரணச் செம்புக் கேபிளில் 4கே 60 வேண்டுமானால் ஐந்து மீட்டருக்குள் நிற்பது பாதுகாப்பு. அதைத் தாண்டினால் ஒளியிழை கொண்ட கேபிள் அல்லது எக்ஸ்டெண்டர். ஒளியிழைக் கேபிளுக்குத் திசை உண்டு: ஒரு முனையில் ‘சோர்ஸ்’ என்றும் மறுமுனையில் ‘டிஸ்பிளே’ என்றும் எழுதியிருக்கும். அதைத் தலைகீழாகச் சுவருக்குள் இழுத்து, பூச்சு வேலையும் முடித்துவிட்டால், பிறகு நடப்பதை விவரிக்க வேண்டியதில்லை. பழுதென்று உறுதியான கேபிளின் பிளக்கை வெட்டிவிட்டுத்தான் குப்பையில் போட வேண்டும். இழுப்பறைக்குள் போனால் சில மாதங்களில் அதுவே உபரிக் கேபிள் என்ற பெயரில் மீண்டும் அறைக்கு வரும்.

எக்ஸ்டெண்டர் எச்டிபேஸ்டி வகையாக இருந்தால், அது நெட்வொர்க் கேபிளைப் பயன்படுத்தினாலும் நெட்வொர்க் அன்று. அனுப்பும் பெட்டியிலிருந்து வாங்கும் பெட்டிவரை நேரான ஒரே கேபிளாக ஓட வேண்டும். நடுவில் நெட்வொர்க் சுவிட்ச்சில் செருகினால் வேலை செய்யாது. அலுமினியத்தின்மீது செம்பு பூசிய மலிவான கேபிளையும் தவிருங்கள். இரு பெட்டிகளிலும் இணைப்பைக் காட்டும் விளக்கு எரிந்தும் படம் வரவில்லை என்றால், நெட்வொர்க் கேபிளை விட்டுவிட்டு இரு முனைகளிலும் உள்ள சிறிய எச்டிஎம்ஐ கேபிள்களைப் பார்க்க வேண்டும்.

இங்கே விசித்திரமான ஒன்றையும் சொல்லிவிடலாம். யாராவது நாற்காலியிலிருந்து எழும்போதோ உட்காரும்போதோ திரை ஒரு நொடி கறுத்து மீள்கிறது என்று புகார் வந்தால் சிரிக்காதீர்கள். வாயு உருளையால் உயரம் மாறும் அலுவலக நாற்காலிகளில் எழும் நிலைமின் வெளியேற்றத்தைத் தரமற்ற கேபிள்கள் பிடித்துக்கொள்வது அறியப்பட்ட சங்கதி. நல்ல உறையுள்ள கேபிளை மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இரண்டு டிவிகள், ஒரு ஸ்பிளிட்டர்

ஒரே படத்தை இரண்டு டிவிக்குப் பிரிக்கும்போது, ஸ்பிளிட்டர் எந்த டிவியின் ஈடிஐடியைப் படம் தரும் கருவிக்குக் காட்டுகிறது என்பதே கேள்வி. மலிவானவற்றில் பல, முதல் சாக்கெட்டில் உள்ள டிவியினுடையதை மட்டும் காட்டும். அது 4கே டிவியாகவும், மற்றது பழைய 1080பி டிவியாகவும் இருந்தால், இரண்டாவது கறுத்து நிற்கும். குறைந்த திறனுள்ள டிவியை முதல் சாக்கெட்டுக்கு மாற்றிப் பாருங்கள், அல்லது ஸ்பிளிட்டரில் ஈடிஐடி தேர்ந்தெடுக்கும் சிறு சுவிட்ச் இருந்தால் 1080பியில் வையுங்கள்.

லேப்டாப் மாறினால் மட்டும் வரும் பழுது: எச்டிசிபி

விண்டோஸ் லேப்டாப்பில் படம் வருகிறது, மேக்புக்கில் மட்டும் வரவில்லை. அல்லது அறையில் தெரிகிறது, எதிர்முனைக்கும் ஒளிப்பதிவுக்கும் போகவில்லை. இத்தகைய புகாரில் முதலில் நினைக்க வேண்டியது எச்டிசிபி. திரைப்படங்களை யாரும் நகலெடுக்காதபடி கேபிளில் போகும் படத்தைக் குறியாக்கும் முறை இது, இன்டெல் உருவாக்கியது. மறுமுனை இதற்கு உடன்படும் என்று தெரிந்தால், ஆப்பிள் கணினிகள் வெறும் ஸ்லைடு காட்டும்போதுகூடக் குறியாக்கத் தொடங்கிவிடுகின்றன. குறியாக்கிய படத்தை எதிர்முனைக்கு அனுப்பவோ பதிவு செய்யவோ கோடெக்குக்கு அனுமதி இல்லை. ஆகவே அது கறுப்புத் திரையையோ எச்சரிக்கையையோ காட்டுகிறது. கோடெக்கிலோ சுவிட்ச்சிலோ அந்த இன்புட்டுக்கு எச்டிசிபி ஆதரவை அணைக்கும் அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். மறுமுனை உடன்படாது என்று கண்டதும் மேக்புக் குறியாக்காமல் அனுப்பும். இது பூட்டை உடைக்கும் வேலை அன்று. ஸ்லைடு வரும், உரிமை பெற்ற திரைப்படம் வராது. கூட்ட அறைக்கு அது போதும்.

எச்டிசிபி 2.2 கேட்கும் படத்தைப் பழைய எச்டிசிபி 1.4 மட்டும் தெரிந்த கருவி ஒன்று நடுவில் இருந்தாலும் தடுத்துவிடும். பாதையில் உள்ள எல்லாக் கருவிகளும் ஒரே தலைமுறையைச் சேர்ந்தவையா என்பதைப் பட்டியலிட்டுப் பார்க்க வேண்டியது இத்தகைய அறைகளில்தான்.

ஒலி

படம் வந்து ஒலி வராவிட்டால், லேப்டாப்பில் ஒலி வெளியேறும் இடமாக எச்டிஎம்ஐ தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒலி வடிவம் டால்பியாக இருந்தால் சுருக்கப்படாத ஒலி வடிவமான இரண்டு சேனல் பிசிஎம், 48 கிலோஹெர்ட்ஸ் என்று மாற்றுங்கள். எதிர்முனையில் இருப்பவர்கள் தங்கள் குரலே திரும்பக் கேட்கிறது என்றால், டிவியின் ஒலிபெருக்கி பயன்படுகிறதா என்று பாருங்கள்: டிவி படத்தை மெருகேற்ற எடுக்கும் தாமதம், கோடெக்கின் எதிரொலி நீக்கும் கணக்கைக் குழப்புகிறது. டிவியை ‘கேம்’ அல்லது ‘பிசி’ முறையில் வைத்தால் தாமதம் குறையும்; எழுத்துகளின் ஓரத்தில் தெரியும் வண்ணக் கலங்கலும் ‘பிசி’ முறையில் பெரும்பாலும் மறையும்.

கேமரா

எச்டிஎம்ஐ கேமராவில் பழுது அநேகமாக வடிவப் பொருத்தமின்மையே. 1080பி 50 அனுப்பும்படி அமைந்த கேமராவை, 60 மட்டும் ஏற்கும் இன்புட்டில் செருகினால் படம் வராது. சுழலும் வகைக் கேமராக்கள் பலவற்றில் வடிவத்தைத் தேர்வு செய்யும் சிறு திருகு சுவிட்ச் அடிப்பகுதியில் இருக்கும். மாற்றிய பின் கேமராவை அணைத்துப் போட வேண்டும்.

டிவியின் உறக்கம்

காலையில் படம் வரவில்லை, கேபிளைக் கழற்றிச் செருகினால் வருகிறது என்பது தினசரிப் புகாரானால், டிவி உறங்கும்போது ஹாட் பிளக்கை விட்டுவிடுகிறது என்று கொள்ளலாம். கணினியை அடிப்படையாகக் கொண்ட கூட்டக் கருவிகளில், இதனால் இரண்டு திரைகளும் இடம் மாறிப்போவதும் உண்டு. டிவியின் சிக்கன உறக்க முறையையும், சிக்னல் இல்லாதபோது தானே அணையும் அமைப்பையும் நிறுத்துங்கள். எச்டிஎம்ஐ கேபிள் வழியே ஒரு கருவி இன்னொன்றை இயக்கும் சிஇசி மூலம் கோடெக்கே டிவியை எழுப்பும் வசதி இருந்தால், இரு பக்கத்திலும் அதை இயக்க வேண்டும். டிவியில் அது சாம்சங்கில் ‘எனிநெட் பிளஸ்’, எல்ஜியில் ‘சிம்ப்லிங்க்’, சோனியில் ‘பிராவியா சிங்க்’ என்று வேறு வேறு பெயரில் ஒளிந்திருக்கும். அப்படியும் தீராவிட்டால், ஈடிஐடியை நிலையாகக் காட்டிக்கொண்டே இருக்கும் சிறு எமுலேட்டர் ஒன்றை டிவிக்கு முன்னால் செருகலாம்.

சேவைப் பொறியாளரை அழைக்கும்போது

‘படம் வரவில்லை’ என்று எழுதினால், ‘கேபிளை மாற்றிப் பார்த்தீர்களா’ என்றே பதில் வரும். அதற்குப் பதிலாக, கோடெக்கின் முகப்புத் திரை வருகிறதா, எந்த இரண்டு கருவிகளுக்கு இடையே பழுது என்று உறுதியானது, இரண்டு மீட்டர் கேபிளில் நேரே இணைத்தபோது என்ன நடந்தது, 1080பியில் பழுது நீடிக்கிறதா, எந்த லேப்டாப்பில் வருகிறது எதில் வரவில்லை, கோடெக், சுவிட்ச், டிவி ஆகியவற்றின் ஃபர்ம்வேர் (கருவிக்குள் உள்ள மென்பொருள்) பதிப்பு என்ன என்று எழுதுங்கள். டிவியின் தகவல் பொத்தானை அழுத்தினால் மூலையில் தெரியும் ரெசல்யூஷனையும், பழுது நேரும்போது எடுத்த சிறு காணொளியையும் சேர்த்து அனுப்பினால், வருகிறவர் சரியான உதிரிப் பொருளைக் கையோடு கொண்டுவருவார்.